கரிசல் மண்ணில் ஒரு மாடுலர் வீடு: வாங்கியதும் முடித்ததும், பில்லும் வரியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனாலும் கல்லையும் கரிசல் மண்ணையும் வைத்துத் தாத்தா கட்டிய வீட்டின் மேற்குச் சுவர் 18-ஆம் தேதி விடியற்காலையில் சரிந்து விழுந்தது. அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு முன்னறையில் படுத்திருந்தார்கள். அதனால் இரண்டு பேரும் இன்று எங்களோடு இருக்கிறார்கள்.

அடுத்த மழைக்குள் அவர்களுக்கு ஒரு வீடு வேண்டும். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு. ஊரில் கொத்தனார்களுக்குத் தட்டுப்பாடு; மழையில் விழுந்த வீடுகள் நிறைய என்பதால் எல்லாருமே ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அப்படித்தான் தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டு வந்து, அஸ்திவாரத்தின் மேல் இறக்கி வைக்கும் மாடுலர் வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று என் நோட்டில் இருப்பதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். விலைப்பட்டியலில் வராத வேலைதான் பாதி வீடு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினோம்

2024 ஏப்ரலில் மூன்று இடங்களில் விலை கேட்டேன். கப்பல் கன்டெய்னரை வெட்டிச் செய்வது ஒரு வகை. இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாலியூரிதேன் நுரை அடைத்த பஃப் பேனல்களை ஊரில் கொண்டு வந்து பூட்டுவது இன்னொரு வகை. துத்தநாகம் பூசிய இரும்பில் (ஜிஐ) சட்டம் அடித்து, உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் ஃபைபர் போர்டு வைத்து, நடுவில் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சை அடைத்து முழுப் பெட்டியாகவே அனுப்புவது மூன்றாவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது வகை. கோயம்புத்தூர் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்தோம்.

அளவு: 8 அடி அகலம், 30 அடி நீளத்தில் இரண்டு பெட்டிகள். பக்கத்தில் பக்கம் வைத்துச் சேர்த்தால் 16-க்கு 30, ஆக 480 சதுர அடி. 10 அடி அகலத்தில் செய்தால் அறைகள் தாராளமாக இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். ஆனால் மோட்டார் வாகன விதிப்படி சாலையில் போகும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 8 அடி என்பது 2.44 மீட்டர், விதிக்குள் அடங்கும். 10 அடி என்றால் 3 மீட்டருக்கு மேல், அதற்குத் தனி அனுமதி வேண்டும். எங்கள் ஊர்த் தெருவின் அகலத்தை நினைத்தபோது 8 அடியே போதும் என்று முடிவு செய்தேன்.

சமையலறைச் சுவரில் பஃப் வேண்டாம் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னேன். சூட்டைத் தடுப்பதில் பஃப், ராக்வூலைவிட நல்லது. அதே கனத்தில் சூட்டைக் கடத்துவது பாதியளவுதான் இருக்கும். ஆனால் பஃப் எரியும், ராக்வூல் எரியாது. வயதானவர்கள் புழங்கும் வீட்டில், கேஸ் அடுப்புக்குப் பின்னால் எரியாத பொருள்தான் இருக்க வேண்டும். கூரைக்கு மட்டும் 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் போட்டோம்.

தொழிற்சாலைக்கு இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை போனதுதான் பிற்பாடு கைகொடுத்தது. உள்பக்கப் போர்டு அடிக்கும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்து வைத்தேன். ஒயர் எங்கே போகிறது, பைப் எங்கே திரும்புகிறது, சட்டம் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று எல்லாம் அந்தப் படங்களில் இருக்கிறது. நீங்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பில்லில் வந்த வரி

சதுர அடி 1,500 ரூபாய். 480-க்கு 7,20,000. தொழிற்சாலையில் செய்து வரும் கட்டடம் ஜிஎஸ்டியில் 9406 என்ற எண்ணின் கீழ் வருகிறது. வரி 18 சதவீதம். மாநிலத்துக்குள்ளேயே விற்பனை என்பதால் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9. ஆக 1,29,600. மொத்தம் 8,49,600 ரூபாய். வாய்வார்த்தையில் விலை சொல்லும்போது யாரும் இந்த 1.3 லட்சத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை. "வரி சேர்த்து எவ்வளவு?" என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள்.

டிரெய்லர் வாடகையையும் தாங்களே பில்லில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தால் அது வீட்டோடு சேர்ந்த ஒரே விற்பனை ஆகிவிடும், வாடகைக்கும் 18 சதவீதம் விழும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனி ஆள் நேரடியாக லாரி ஏஜென்சியில் வண்டி பிடித்தால் அந்தச் சேவைக்கு வரி விலக்கு இருக்கிறது. அதனால் வண்டியை நானே பிடித்தேன். வழியில் ஏதாவது ஆனால் பொறுப்பு என்னுடையதாகிவிடும் என்பதால் பயண இன்சூரன்ஸும் எடுத்தேன். சரக்கோடு வண்டியில் இருக்க வேண்டிய ஈ-வே பில் மட்டும் தொழிற்சாலை போட்டுத் தந்தது. அது இல்லாமல் வண்டியை எடுக்க விடாதீர்கள்.

ஊரில் நடந்த வேலைகளை எல்லாம் கூலி மட்டும் என்று பேசினேன், சாமான் நான் வாங்கித் தந்தேன். தனி வீடு ஒன்றுக்குக் கூலி ஒப்பந்தம் மட்டும் என்றால் ஜிஎஸ்டி கிடையாது. சாமானுக்கு உண்டு. அன்றைக்கு சிமென்ட்டுக்கு 28 சதவீதம். 380 ரூபாய் மூட்டையில் 83 ரூபாய் வரி மட்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, இப்போது கட்டுகிறவர்களுக்கு அந்த அளவுக்கு மிச்சம்.

கடன் விஷயம் சுருக்கமாக. இரண்டு வங்கிகளில் வீட்டுக்கடன் கேட்டேன். கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளுக்கு அடமானம் எப்படி என்று இரண்டு இடத்திலும் தயங்கினார்கள். சேமிப்பும் நகைக்கடனும் வைத்துச் சமாளித்தேன். நகைக்கடன் வட்டியை வருமான வரியில் கழிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். வீடு கட்ட வாங்கிய கடன் எதுவானாலும் பழைய வரிமுறையில் வட்டிக்குக் கழிவு உண்டு, ஆனால் வீடு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார். நிலமும் வீடும் அப்பா பேரில். கடன் என் பேரில். ஆகவே கழிவு இல்லை. குடும்ப நிலத்தில் கட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

ஒரு சென்ட் நிலமும் ஊராட்சி அனுமதியும்

எங்கள் மனை 4 சென்ட். கிரேன் உள்ளே வர, சுற்றிலும் விட வேண்டிய இடம் விட, பக்கத்து மனைக்காரரான பங்காளிச் சித்தப்பாவிடம் 1 சென்ட் கேட்டோம். 60,000 ரூபாய்க்குக் கொடுத்தார். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,400. பத்திரம் எழுதவும், உட்பிரிவு செய்து பட்டா மாற்றவும் 6,000. மொத்தம் 71,400.

"நகர்த்தக்கூடிய வீடு, இதற்கு அனுமதி எல்லாம் தேவையில்லை" என்று ஒரு விற்பனையாளர் சொல்லியிருந்தார். அதை நம்பவில்லை, நம்பாததே நல்லது. அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு, செப்டிக் டேங்க் கட்டி, மனிதர்கள் குடியிருந்தால் அது கட்டடம்தான். ஊராட்சியின் பதிவில் வராவிட்டால் வீட்டு வரி ரசீது இல்லை. ரசீது இல்லாமல் ஈபி இணைப்பு, முகவரி மாற்றம் எல்லாமே இழுபறி.

நல்லவேளையாக 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதுமே அனுமதி கிடைக்கிறது. எங்களுடைய 5 சென்ட் 2,178 சதுர அடி, வரம்புக்குள் வந்தது. இன்ஜினியர் கட்டணம், ஊராட்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 34,000. அன்றைக்கு சொந்த வீடானாலும் செலவு 10 லட்சத்தைத் தாண்டினால் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கு 1 சதவீதம் செஸ் இருந்தது. அதுவும் இந்தக் கணக்கிலேயே அடங்கியது.

கரிசலில் அஸ்திவாரம்

கரிசல் மண் கோடையில் வாய் பிளந்து கிடக்கும், மழையில் ஊதிப் பெருக்கும். இரும்புப் பெட்டி கனம் குறைவு, ஒரு பெட்டி நாலரை டன்தான், மேலோட்டமான அஸ்திவாரம் போதும் என்று தொழிற்சாலை வரைபடத்தில் 3 அடி ஆழம் போட்டிருந்தார்கள். எங்கள் கொத்தனார் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பியை எடுத்து நிலத்தின் வெடிப்பில் விட்டார். 4 அடி போனது.

"மண்ணு ஊதுனா கனமான வீட்டையே தூக்கிரும் தம்பி. இந்தப் பொட்டி எம்மாத்திரம்? வெடிப்புக்குக் கீழ போயிருவோம்" என்றார்.

6 அடி ஆழத்தில் 12 குழிகள் எடுத்தோம். நீளவாக்கில் நான்கு நான்காக மூன்று வரிசை. நடு வரிசைத் தூண்கள் இரண்டு பெட்டியின் உள்விளிம்பையும் சேர்த்துத் தாங்கும். குழியைச் சுற்றிக் கரிசலையே போட்டு மூடாமல் சரளை மண் அடித்து நிரப்பினோம். தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீமுக்கு அடியில் 4 அங்குலத்துக்கு மணல் மட்டும் தளர்வாகப் போட்டோம்; மண் ஊதினால் பீமைத் தூக்காமல் அந்த மணலுக்குள் ஊதட்டும் என்பதற்காக. 85 மூட்டை சிமென்ட் ஆனது. கூலி 62,000, ஜேசிபியும் சாமானும் 1,30,000, மொத்தம் 1,92,000. பட்டியலில் இருந்த மதிப்பீடு 80,000. இந்த ஒரு இடத்தில் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போனதற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை.

தூண் தலையில் போல்ட் வைக்கும்போது டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய், வைத்துப் பார்த்தும் ஒரு மூலை 6 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது. கல் சுவருக்கு இது ஒன்றுமே இல்லை. இரும்புப் பெட்டிக்கு அப்படி இல்லை. ஒரு மூலை தாழ்ந்தால் சட்டம் முறுகும், கதவு நிலையில் உரசும். தகடு வைத்து மட்டம் பிடித்து, சுருங்காத சிமென்ட் கலவை (கிரவுட்) ஊற்றிச் சரிசெய்தோம்.

பெட்டி வந்த நாள்

செப்டம்பர் 26 விடியற்காலை 4 மணிக்கு இரண்டு டிரெய்லரும் ஊர் எல்லைக்கு வந்துவிட்டன. சுமார் 300 கிலோமீட்டர் பயணம், வண்டிக்கு 28,000 வீதம் 56,000. தெருவுக்குள் நுழையும் இடத்தில் கோயில் முக்கு. முந்தைய வாரமே 40 அடிக் கயிற்றைக் கட்டி, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து நடந்து, அந்த வளைவைச் சோதித்துப் பார்த்திருந்தோம். ஒரு வேப்பங்கிளையை மட்டும் கழிக்க வேண்டியிருந்தது. சாலையிலிருந்து பெட்டியின் தலை 13 அடி உயரத்தில் இருக்கும் என்பதால் தாழ்வாகத் தொங்கிய சர்வீஸ் ஒயரைப் பற்றி ஈபியில் எழுதிக் கொடுத்து, ஒரு மணி நேரம் லைனை நிறுத்தச் சொல்லி வைத்திருந்தோம்.

தூக்குவதற்கு இரண்டு ஹைட்ரா கிரேன். 14 டன் ஹைட்ரா என்றால் 14 டன்னையும் எட்டிப் பிடித்துத் தூக்கும் என்று நினைக்கக் கூடாது. கை நீள நீளத் தூக்கும் கனம் மளமளவென்று குறையும். முனைக்கு ஒன்றாக இரண்டு வண்டி வைத்தது அதற்காகத்தான். பெல்ட்டைப் பெட்டியின் நான்கு மேல்மூலைக் கொக்கிகளிலும் போட்டு, நடுவில் ஒரு இரும்புக் குறுக்குச்சட்டம் கொடுத்துத் தூக்கினார்கள். அது இல்லாவிட்டால் பெல்ட் உள்பக்கமாக இழுத்துக் கூரை விளிம்பை நசுக்கிவிடும்.

முதல் பெட்டி காற்றில் ஏறியபோது தெருவே கூடி நின்றது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் ஊர். அம்மாவும் 20 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர். "ஏக்கா, பெரிய தீப்பெட்டில்ல வருது!" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதும் அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். 11 மணிக்கு இரண்டு பெட்டியும் போல்ட்டில் உட்கார்ந்துவிட்டன. வேலையாட்களுக்கு மோரும் கடலைமிட்டாயும் கொடுத்தோம். ஹைட்ரா 18,000, அதற்கு ஜிஎஸ்டி 3,240. சாப்பாடு, தங்கல், இன்சூரன்ஸ் 8,000.

தொழிற்சாலையிலிருந்து வந்த நான்கு பேர் இரண்டு பெட்டிகளையும் இழுத்துச் சேர்த்து போல்ட் போட்டு, கூரையின் நடு இணைப்பில் சிலிக்கான் பூசி, மேலே ஒரு தகடு வைத்து ஸ்க்ரூ அடித்துவிட்டு மறுநாள் மாலை கிளம்பினார்கள். ஆர்டரோடு 40 சதவீதம், அனுப்பும் முன் 40, பூட்டியதும் 20 என்பது பேச்சு. கடைசி 20 சதவீதமான 1,69,920 ரூபாயை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது. ஒரு மழை பார்த்த பிறகே கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒழுகிய இணைப்பு

அக்டோபர் 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. மூன்றாவது நாள் அப்பா போன் செய்தார். "ஏய்யா, நடு ஹால்ல சொட்டுது."

தொழிற்சாலைக்குச் சொன்னேன். அஸ்திவாரம் அசைந்திருக்கும், அது எங்கள் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் 12 தூணும் அப்படியே இருந்தன. அதைப் படம் எடுத்து அனுப்பியும் ஆள் வரவில்லை. தீபாவளி விடுப்பில் ஊருக்குப் போய், ஊரிலேயே உள்ள வெல்டர் தம்பியோடு கூரை ஏறினேன்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. தண்ணீர் தகட்டின் அடியில் ஓடி, வசதியான இடத்தில்தான் சொட்டும். தோட்டத்துக் குழாயை எடுத்து, இணைப்பின் தென்முனையில் தொடங்கி, 3 அடிக்கு 10 நிமிடம் என்று நகர்த்தித் தண்ணீர் விட்டோம். அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 21-ஆவது அடியில் தண்ணீர் விட்டபோது 15-ஆவது அடியில் சொட்டியது. தகட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது.

30 அடி நீள இரும்பு 35 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். இரவில் சுருங்கும். கிழக்குப் பெட்டியின் சுவரில் காலை வெயில், மேற்குப் பெட்டியில் மாலை வெயில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அசைவதில்லை. தகட்டை இரண்டு பெட்டியிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் இழுபட்டு ஸ்க்ரூ ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு நீண்டுவிட்டன. ரப்பர் வாஷர்கள் நசுங்கி வெடித்திருந்தன. கீழே, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் சிலிக்கானை அடித்தளமே இல்லாமல் மேலோட்டமாகப் பூசியிருந்ததால் நடுவாக்கில் கிழிந்து கிடந்தது.

செய்த வேலை இது. பழைய சிலிக்கானை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்தோம். சிலிக்கானின் மிச்சம் இருந்தால் அதன் மேல் எதுவும் ஒட்டாது, அதனால் இதற்கே அரை நாள் ஆனது. இடைவெளிக்குள் 25 மில்லிமீட்டர் பேக்கர் ராட், அதாவது நுரைக்கயிறு, அழுத்தி இறக்கினோம். இது இருந்தால் பசை இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டும், அடியில் ஒட்டாது. அப்போதுதான் ரப்பர்போல நீண்டு சுருங்க முடியும். அதன் மேல் பாலியூரிதேன் சீலன்ட், ஒரு நாள் காயவிட்டு அதன் மேல் 4 அங்குல பியூட்டில் டேப், கடைசியில் தொப்பி வடிவில் மடித்த புதுத் தகடு. புதுத் தகட்டை மேற்குப் பெட்டியில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினோம். கிழக்குப் பக்கம் நீள் துளை போட்டு, ஸ்க்ரூவை இறுக்காமல் தகடு நகரும்படி விட்டோம். சாமானும் இரண்டு நாள் கூலியும் சேர்த்து 11,800.

உள்ளே சீலிங்கிலும் அதே பாடம்தான். இரண்டு பெட்டியும் சேரும் கோட்டைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைக்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அது விரிசல் விடும். 3 அங்குல மரப்பட்டையை ஒரு பக்கத்தில் மட்டும் அடித்து மூடினேன். பார்க்கவும் அழகாகவே இருக்கிறது.

டிசம்பர் 12, 13 தேதிகளில் மறுபடி பெருமழை, முந்தின ஆண்டு சுவர் விழுந்த அதே சமயம். அப்பாவுக்கு அன்று தூக்கமே இல்லை. அம்மா இணைப்புக்கு நேர் கீழே, தரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கோலமாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் எனக்குப் படம் வந்தது. 30 அடிக் கோட்டில் ஒரு சொட்டு விழுந்த தடமும் இல்லை.

மின்சாரம், தண்ணீர், கழிவு

இரும்பு வீட்டில் எர்த் சரியில்லை என்றால் வீடு முழுவதுமே ஆபத்து. இரண்டு எர்த் குழி போட்டு, இரண்டு பெட்டியின் சட்டத்தையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தோம். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். சமையலறை அலமாரி மாட்டிய அன்றைக்கே அது விழுந்துகொண்டே இருந்தது. தொழிற்சாலையில் எடுத்த படங்களைத் திறந்து பார்த்தால், அலமாரிக்கு அடித்த ஒரு ஸ்க்ரூ நேராக ஒயர் போகும் பாதையில் இருந்தது. 20 நிமிடத்தில் கண்டுபிடித்து ஒயரை மாற்றினோம். ஆர்சிசிபி இல்லாதிருந்தால் அந்த மின்சாரம் சுவருக்கு வந்திருக்கும். ஈபி இணைப்பு உட்பட 38,500.

1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அதைப் பெட்டியின் தலையில் ஏற்றக் கூடாது. தனியாக இரும்பு ஸ்டாண்ட் போட்டோம், மோட்டாரோடு 34,000. செப்டிக் டேங்க்கும் உறைகிணறும் 88,000. கரிசல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது என்பதால் உறையைச் சுற்றி 2 அடிக்கு ஜல்லி நிரப்பினோம். உள்வேலை, அதாவது சமையல் மேடை, அலமாரிகள், பெயின்ட், தரை எல்லாம் 1,12,000.

இரண்டாவது கூரை

தை மாதம் பால் காய்ச்சினோம். பிப்ரவரியில் வெயில் ஏறத் தொடங்கியதும் நிழல்கூரையைத் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. அக்டோபர் மாதத்து வெயில் நாள் ஒன்றில், மதியம் 2 மணிக்கு, தெர்மாமீட்டர் துப்பாக்கியில் பெட்டியின் கூரை வெளிப்பக்கம் 61 டிகிரி காட்டியிருந்தது, உள்ளே சீலிங் 41.

பெட்டியின் கூரைக்கு மேலே 2 அடி இடைவெளி விட்டு, பைப் தூண் நிறுத்தி, கலர் ஷீட் போட்டோம். தூண்கள் பெட்டியைத் தொடாமல் தனியாக நிற்கின்றன. கிழக்கே 8 அடி நீட்டி அதன் கீழ் திண்ணை, மற்ற மூன்று பக்கமும் 3 அடி இறக்கம். மொத்தம் 972 சதுர அடி, 185 வீதம் 1,79,820. இடைவெளியை அடைக்காமல் இரண்டு பக்கமும் காற்று போக விட்டிருக்கிறோம், நிழலுக்கு இணையாக அந்தக் காற்றும் வேலை செய்கிறது. மே மாதம் அதே 2 மணிக்கு மேல் ஷீட்டின் அடிப்பக்கம் 58, பெட்டியின் கூரை 39, உள்ளே சீலிங் 35. மழைச் சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது. தென்மாவட்டத்தில் இரும்புப் பெட்டி வீடு வாங்குகிறவர்கள் இந்தக் கூரையின் செலவை முதல் நாளே சேர்த்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

திண்ணையைச் செங்கல் கட்டிச் சிவப்புக் காவி பூசினோம், 46,000. விழுந்த வீட்டின் தேக்குத் தூண்கள் இரண்டும் இப்போது அங்கேதான் நிற்கின்றன.

மொத்தக் கணக்கு

எல்லாம் சேர்த்து 17,42,360 ரூபாய். அதில் தொழிற்சாலை பில், வரியோடு, 8,49,600. பாதிக்கும் கொஞ்சம் குறைவு. நிலத்தைக் கழித்துவிட்டு, திண்ணையின் 240 சதுர அடியையும் சேர்த்துப் பார்த்தால் சதுர அடிக்கு 2,320 வருகிறது. எங்கள் பக்கம் செங்கல் வீட்டுக்கும் ஏறக்குறைய இதே தொகைதான் கேட்கிறார்கள். ஆகவே விலை குறைவு என்பதற்காக இதை வாங்க வேண்டாம். எங்களுக்குக் கிடைத்தது காலம். ஆகஸ்டில் குழி தோண்டி, டிசம்பர் மழையை அப்பாவும் அம்மாவும் புது வீட்டுக்குள் இருந்து பார்த்தார்கள்.

கையில் உள்ள பில்களில் இருக்கும் ஜிஎஸ்டியை மட்டும் கூட்டினால் சுமார் 1 லட்சத்து 87 ஆயிரம். செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். வீட்டு வரி போட வந்தபோது இது கூரை வீடா, ஓட்டு வீடா, காங்கிரீட்டா என்று கேட்டார்கள். ஷீட் கூரை என்று பதிந்து ஆண்டுக்கு 360, அதன் மேல் நூலக வரி 10 சதவீதம் 36, ஆக 396 ரூபாய். ரசீது அப்பா பேரில்.

12 தூண்களிலும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்கு முன் ஒருமுறை, கோடையில் ஒருமுறை டியூப் லெவல் பிடித்து நோட்டில் எழுதுவது அப்பாவின் வேலை. 2025 மே கணக்குப்படி தென்மேற்கு மூலை மட்டும் 2 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது, மற்ற பதினொன்றும் அப்படியே. அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிறது. அந்த பைப்பை உறைகிணறு வரை நீட்ட 12 அடி பிவிசி வாங்கி வைத்திருக்கிறோம். அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.